எம்.ஏ. எகனாமிக்ஸ்: உள்ளூர்க் கல்லூரியா, டெல்லியா, ஜெர்மனியா?

பி.ஏ. மூன்றாம் ஆண்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் தரவரிசைப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எம்.ஏ. கல்லூரி தேடுகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல. எம்.ஏ. முடித்ததும் எந்த வேலைக்கு, எந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம்? இது முதல் கேள்வி. கையில் எவ்வளவு கணிதம் இருக்கிறது என்பது இரண்டாவது. வீடு எவ்வளவு கடன் தாங்கும் என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் எழுதினால் நான்கைந்து இடங்கள்தான் மிஞ்சும். கல்லூரியின் பெயரும் புகழும் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை.

வேலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆவதுதான் இலக்கு என்றால் டெல்லிக்குப் போவதால் தனி லாபம் ஏதுமில்லை. ஆசிரியர் தேர்வு வாரியமான டி.ஆர்.பி. நடத்தும் தேர்வுக்கு எம்.ஏ.வும் பி.எட்.டும் வேண்டும், எந்தப் பல்கலைக்கழகம் என்று அங்கே யாரும் மதிப்பெண் போடுவதில்லை. சொல்லப்போனால் பெரிய இடத்துப் பட்டம் இங்கே சிக்கலாகவும் முடியலாம். பட்டத்தில் ‘பொருளியல்’ என்று மட்டும் இல்லாமல் நிதிப் பொருளியல், அளவைப் பொருளியல் என்று இருந்தால், அது எம்.ஏ. பொருளியலுக்கு இணையானது என்ற அரசாணையைச் சான்றிதழ் சரிபார்ப்பில் கேட்பார்கள். பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு எம்.ஏ. பொருளியலுக்கு மாறுபவர்களுக்கு ‘கிராஸ் மேஜர்’ என்று ஆசிரியர்கள் சொல்லும் தொல்லை தனியாக இருக்கிறது. இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமா என்று பார்க்கும் நிபந்தனை அது. சேர்வதற்கு முன்பே பழைய டி.ஆர்.பி. அறிவிப்பு ஒன்றை எடுத்து, கல்வித் தகுதிப் பகுதியை வரி வரியாகப் படித்துவிட வேண்டும்.

கல்லூரிப் பேராசிரியர் வேலைக்கு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு), இல்லையென்றால் பிஎச்.டி. வேண்டும். நெட் எழுத முதுகலையில் 55 சதவீதம் தேவை, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 50. பொதுத் தாளில் 50 கேள்விகள், பாடத் தாளில் 100 கேள்விகள், மூன்று மணி நேரம், நெகட்டிவ் மார்க் கிடையாது. நெட்டில் மேலே வருபவர்களுக்கான ஆய்வு உதவித்தொகை, ஜே.ஆர்.எஃப்., கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். இதையும் உள்ளூரில் படித்துக்கொண்டே வாங்கலாம். ஆனால் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் நடக்கும் என்பதால், தமிழ் வழியில் எம்.ஏ. படிப்பவர்கள் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் எழுதிப் பழகிக்கொள்ள வேண்டும்.

இந்தியப் பொருளாதாரப் பணி வேறு ரகம். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தத் தேர்வில் ஆங்கிலம் 100, பொது அறிவு 100, பொதுப் பொருளியல் மூன்று தாள்கள் தலா 200, இந்தியப் பொருளாதாரம் 200, நேர்காணல் 200 என்று மொத்தம் 1,200 மதிப்பெண். வயது 21 முதல் 30 வரை. பிரிவுக்கேற்ற தளர்வு உண்டு. பணியிடங்கள் மிகக் குறைவு. பொதுப் பொருளியலின் முதல் தாளிலேயே கணித வழி மைக்ரோவும் (நுண்பொருளியல்), தரவைப் புள்ளியியலால் சோதிக்கும் எக்கனாமெட்ரிக்ஸும் வருவதால், கட்டுரை எழுதியே பழகிய மாணவர் அங்கே திணறுகிறார். ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வுப் பிரிவில் ‘பி’ கிரேடு அதிகாரி ஆவதற்கும் இதே அடித்தளம் வேண்டும். முதுகலையில் 55 சதவீதமும் கேட்பார்கள். இந்த இரண்டில் ஒன்று குறி என்றால் கணிதம் கடுமையாக நடக்கும் இடத்தில் சேர்வதுதான் சரி. இங்கேயும் பட்டத்தின் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்: யு.பி.எஸ்.சி. அறிவிப்பு பொருளியல், பயன்பாட்டுப் பொருளியல், வணிகப் பொருளியல், எக்கனாமெட்ரிக்ஸ் என்று பெயர் சொல்லியே பட்டியல் போடுகிறது.

வங்கி, ஆலோசனை நிறுவனம், டேட்டா அனாலிடிக்ஸ் பக்கம் போக நினைப்பவர்களுக்குத்தான் கல்லூரியின் பெயர் நேரடியாகக் காசாகிறது. நிறுவனங்கள் வளாகத்துக்கு வந்து ஆள் எடுக்கும் இடங்கள் இந்தியாவில் குறைவுதான்.

கணிதம் எவ்வளவு இருக்கிறது?

நல்ல எம்.ஏ. ஒன்றின் முதல் செமஸ்டரில் நுகர்வோர் கோட்பாடு என்றால் சமநோக்கு வளைகோட்டை வரைந்து விளக்குவது அல்ல. பயன்பாட்டுச் சார்பை வரவுசெலவுக் கட்டுப்பாட்டுக்குள் உச்சமாக்கி, தீர்வு இருக்கிறதா, ஒன்றேதானா என்று நிரூபிப்பது. அதற்குப் பல மாறிகளின் வகைநுண்கணிதம், லக்ராஞ்சி முறை, குன்–டக்கர் நிபந்தனைகள், குவிவுத்தன்மை, கொஞ்சம் மெய்ப்பகுப்பாய்வு வேண்டும். மேக்ரோவில் டைனமிக் புரோகிராமிங் வரும். எக்கனாமெட்ரிக்ஸ் முழுக்க அணிகளில் நடக்கும். நம் பி.ஏ. பாடத்திட்டத்தில் ‘பொருளியலுக்கான கணிதம்’ என்று ஒன்றிரண்டு தாள்கள் இருக்கும். அதில் எளிய வகையிடலும் 3×3 அணியும்தான். இடையில் இருக்கும் பள்ளம் சிறியதல்ல.

அதனால்தான் இந்தத் துறைக்கு மாறும் பி.எஸ்சி. கணித, புள்ளியியல் மாணவர்கள் நுழைவுத் தேர்வுகளில் முந்திப் போகிறார்கள். மெய்ப்பகுப்பாய்வும் நேரியல் இயற்கணிதமும் அவர்களுக்கு ஏற்கெனவே கட்டாயப் பாடம். அவர்கள் மைக்ரோ, மேக்ரோ அடிப்படைகளை ஆறு மாதத்தில் தேற்றிக்கொள்ளலாம், பி.ஏ. மாணவர் கணிதத்தை ஆறு மாதத்தில் தேற்றுவது கடினம். பிளஸ் டூவில் கணிதம் எடுக்காதவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஐ.எஸ்.ஐ. (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்) போன்ற இடங்கள் பிளஸ் டூ கணிதத்தைத் தகுதியாகவே கேட்கின்றன.

பள்ளத்தை நிரப்ப இலவச வழி இருக்கிறது. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, மெய்ப்பகுப்பாய்வு வகுப்புகள் என்.பி.டி.இ.எல். என்ற இணையவகுப்புத் தளத்தில் கிடைக்கின்றன. வகுப்புக்குக் காசில்லை, சான்றிதழ்த் தேர்வு எழுதினால் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். இந்தச் சான்றிதழ்கள் பின்னால் வெளிநாட்டு விண்ணப்பத்திலும் கணிதத்துக்கு ஆதாரமாக உதவும் என்பதால், இரண்டாம் ஆண்டிலிருந்தே செமஸ்டருக்கு ஒன்று என்று எடுப்பது நல்லது.

நாட்டுக்குள் இருக்கும் இடங்கள்

உள்ளூர் என்று சொல்லும்போது அரசுக் கலைக் கல்லூரிகள், அரசு உதவி பெறும் கல்லூரிகள், பல்கலைக்கழகத் துறைகள் மூன்றையும் சேர்த்தே சொல்கிறோம். சேர்க்கை பெரும்பாலும் இளங்கலை மதிப்பெண்ணை வைத்து. கட்டணம் மிகக் குறைவு. பல அரசுக் கல்லூரிகளில் தமிழ் வழியும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் துறைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதன் முதல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைத் தங்கள் சொந்த ஊருக்கே அனுப்பிக் கணக்கெடுக்க வைத்து 1918இல் தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். களஆய்வு, கூட்டுறவு, வேளாண்மைப் பொருளாதாரம் போன்றவற்றில் நம் துறைகள் இன்றும் பலமானவை. குறை எங்கே என்றால் எக்கனாமெட்ரிக்ஸில்: மென்பொருளைத் தொடாமலேயே அந்தத் தாளில் தேர்ச்சி பெற்றுவிட முடியும்.

மத்தியப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வான சி.யு.இ.டி.–பி.ஜி. ஒன்றை எழுதி, டெல்லிப் பல்கலைக்கழகத்தின் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், ஜே.என்.யு. (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்), ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் என்று பல இடங்களுக்கு முயலலாம். அண்மை ஆண்டுகளின் வடிவம் 75 கேள்விகள், சரிக்கு 4, தவறுக்குக் கழித்தல் 1, மொத்தம் 300. 2025இல் நேரம் 90 நிமிடம். ஒரு கேள்விக்கு 72 நொடிதான் என்பதால் ஆழமாகத் தெரிந்தவரைவிட வேகமாக நினைவுகூர்பவருக்கு இது சாதகம். நல்ல பொருளியலாளரைத் தேர்ந்தெடுக்க இது நல்ல வழியா என்பது வேறு விவாதம். இன்றைக்கு வாசல் இதுதான். தேர்வு பொதுவாக மார்ச் மாதத்தில் நடப்பதால், டிசம்பரிலிருந்தே அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தப் பாதையில் இடம் தவறுவது பெரும்பாலும் மதிப்பெண்ணால் அல்ல, காகிதத்தால். சி.யு.இ.டி. எழுதினால் மட்டும் டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்ததாகாது. அதன் முதுகலைச் சேர்க்கைத் தளத்தில் தனியாகப் பதிந்து தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும், ஜே.என்.யு.வும் அப்படித்தான். அடுத்தது சாதிச் சான்றிதழ். நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் இல்லை என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழை இ–சேவை வழியாகத் தாசில்தாரிடம் வாங்க வேண்டும், அதுவும் நடப்பு நிதியாண்டின் தேதியில். வருமானம் 8 லட்சத்தைத் தாண்டிவிட்டது என்று நினைத்துச் சிலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். அந்த வரம்பில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. ஆனால் பெற்றோர் அரசுப் பணியில் வகிக்கும் பதவியின் நிலை தனியாகப் பார்க்கப்படும். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

டெல்லி ஸ்கூலும் ஜே.என்.யு.வும் ஒரே தேர்வில் கிடைப்பதால் ஒன்றுபோலத் தோன்றும். உள்ளே போனால் வேறு வேறு உலகம். 1949இல் வி.கே.ஆர்.வி. ராவ் தொடங்கிய டெல்லி ஸ்கூல் முதன்மை நீரோட்டப் பொருளியலின் கோட்டை. அமர்த்தியா சென்னும் மன்மோகன் சிங்கும் பாடம் நடத்திய இடம். கணிதம் தயவு தாட்சண்யம் பார்க்காது, வகுப்பு பெரியது, பேராசிரியரின் தனிக் கவனத்தை எதிர்பார்க்க முடியாது. ஜே.என்.யு.வின் பொருளாதார ஆய்வு–திட்ட மையம் பொருளியலாளர் கிருஷ்ணா பரத்வாஜ் வழியில் வந்தது. ரிக்கார்டோ, மார்க்ஸ், கெய்ன்ஸ், காலேக்கி என்று சிந்தனை மரபுகளுக்கு அங்கே இடம் அதிகம். வளர்ச்சி, வேளாண்மை, அரசியல் பொருளாதாரம் என்று போக விரும்புபவருக்கு ஜே.என்.யு. பொருந்தும், அமெரிக்கப் பிஎச்.டி. கனவு இருப்பவருக்கு டெல்லி ஸ்கூல்.

கணிதம் உண்மையிலேயே பிடிக்கும் என்றால் ஐ.எஸ்.ஐ.யின் எம்.எஸ்.கியூ.இ. என்ற அளவைப் பொருளியல் முதுகலை எல்லாவற்றுக்கும் மேல். டெல்லி, கொல்கத்தா என்று இரண்டு வளாகங்கள். காலையில் கணிதத் தாள், மதியம் பொருளியல் தாள். பழைய வினாத்தாள்கள் அவர்கள் தளத்திலேயே கிடைக்கும்; பத்தாண்டுத் தாள்களை நேரம் வைத்துப் போட்டுப் பார்த்தால் உங்கள் நிலை எது என்பதில் சந்தேகமே இருக்காது. இதுவரை கல்விக் கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்து நடத்திவரும் படிப்பு இது. மதிப்பெண் சரிந்தால் உதவித்தொகையும் சரியும். வகுப்பு சிறியது, ஒளிந்துகொள்ள முடியாது.

ரிசர்வ் வங்கி 1987இல் மும்பை கோரேகானில் நிறுவிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் தனி நுழைவுத் தேர்வு நடத்தி எம்.எஸ்சி.க்கு ஆள் எடுக்கிறது. ஆய்வுச் சூழல் வேண்டும், ஆனால் ஐ.எஸ்.ஐ. அளவுக்குக் கணிதம் வேண்டாம் என்பவர்களுக்கு இது நல்ல நடுவழி.

சென்னைக்குள்ளேயே கோட்டூர்புரத்தில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. பொருளியலாளர் ராஜா செல்லையா 1993இல் தொடங்கியது. பொதுப் பொருளியல், நிதிப் பொருளியல், ஆக்சூரியல் (காப்பீட்டு இடர்க் கணிப்பு) பொருளியல், சுற்றுச்சூழல் பொருளியல் என்று பிரித்து நடத்துகிறார்கள். வேலைவாய்ப்பு நோக்கம் வெளிப்படை. அரசுக் கல்லூரியோடு ஒப்பிட்டால் கட்டணம் பல மடங்கு. தனியார் துறைதான் இலக்கு, வீட்டிலிருந்து போய்வர முடியும் என்றால் விடுதிச் செலவு மிச்சமாவதால் கணக்கு சரியாகிவிடும். அரசு வேலைக்கும் ஒரு வழி திறந்திருக்க வேண்டுமென்றால் பொதுப் பொருளியல் பிரிவை எடுப்பது பாதுகாப்பு.

வெளிநாடு: கட்டணத்தைவிடக் காகிதம்

இங்கிலாந்தில் எம்.எஸ்சி. ஒரே ஆண்டு. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் என்றால் கட்டணம், லண்டன் வாழ்க்கைச் செலவு எல்லாம் சேர்ந்து அரைக் கோடி ரூபாயைத் தாண்டும். வீட்டில் பணமிருப்பவர்களுக்கும் முழு உதவித்தொகை பெற்றவர்களுக்கும் மட்டுமே அது பொருளியல் ரீதியாகப் பொருள்படும். அமெரிக்காவில் முதுகலை மட்டும் தனியாகப் படிப்பது விலை கூடிய வழி, ஏனென்றால் அங்கே நல்ல துறைகள் பிஎச்.டி.க்கு நேரடியாக எடுத்து உதவித்தொகையும் தருகின்றன. இங்கே மூன்றாண்டு பி.ஏ.வுடன் இரண்டாண்டு எம்.ஏ. முடித்து, அந்தப் பிஎச்.டி.க்கு விண்ணப்பிப்பது மலிவு. வேலைக்காகவே அமெரிக்க முதுகலை என்றால், படிப்பின் வகைப்பாட்டு எண் 45.0603 தானா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். ‘எக்கனாமெட்ரிக்ஸ் மற்றும் அளவைப் பொருளியல்’ என்ற அந்த எண்ணுக்குத்தான் 12 மாத வேலை அனுமதியோடு மேலும் 24 மாத நீட்டிப்பு உண்டு. சாதாரணப் பொருளியலின் 45.0601க்கு அது கிடையாது.

நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டுவது ஜெர்மனி. பான் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ நிர்வாகக் கட்டணம் மட்டும், அதிலேயே பயணச் சீட்டும் அடங்கும். அதே தரத்தில் இருக்கும் மான்ஹைம், பாடன்–வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இருப்பதால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. நான்கு செமஸ்டருக்கு 6,000.

வேலைகளின் வரிசைதான் இங்கே முக்கியம். நம் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் இந்தியர்களுக்குக் கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதற்குப் பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல்கள் வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் டிரான்ஸ்கிரிப்ட் வாங்குவதற்கே நாளாகும். ஆகவே ஐந்தாம் செமஸ்டர் முடிவு வந்ததும் டிரான்ஸ்கிரிப்ட், பிறகு ஏ.பி.எஸ்., கூடவே ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்., கேட்கும் இடங்களுக்கு ஜி.ஆர்.இ. என்ற பொதுத் திறன் தேர்வு. ஜி.ஆர்.இ. இப்போது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு, மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். பொருளியலுக்கு வாய்மொழிப் பகுதியை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை; கணிதப் பகுதியில் 170க்கு 165ஐத் தாண்டுவதுதான் வேலை.

நம் சதவீதத்தை ஜெர்மன் மதிப்பெண்ணாக மாற்றுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்ட வேண்டும். 72 சதவீதம், தேர்ச்சி 40 என்றால் 28ஐ 60ஆல் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1 கூட்டினால் 2.4 வரும். தேர்ச்சி மதிப்பெண் 50 என்று எடுத்துக்கொள்ளப்பட்டால் அதே 72 சதவீதம் 2.68 ஆகிவிடும். அங்கே எண் குறையக் குறையத்தான் நல்லது. எனவே தேர்ச்சி மதிப்பெண் 40 என்று டிரான்ஸ்கிரிப்டில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விண்ணப்பம் தள்ளுபடியாவதற்கு இன்னொரு காரணம், கணிதம், புள்ளியியல் பாடங்களின் மொத்த அளவு போதாமல் போவது. தாளின் பெயரை மட்டும் அனுப்பாமல் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன அலகுகள் என்று பாடத்திட்டப் பக்கங்களையும் இணைக்க வேண்டும்.

விசாவுக்கு முடக்கக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும். மாதம் 992 என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 12 லட்சம், இரண்டு ஆண்டுக்கு 24 லட்சம். இரண்டாம் ஆண்டுச் செலவைப் பகுதிநேர வேலை ஓரளவு தாங்கும்: ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலைக்கு அனுமதி உண்டு. படிப்புக்குப் பின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். ஆங்கிலத்திலேயே படித்துவிட்டு ஜெர்மன் தெரியாமல் நிற்பவர்களுக்கு, ஆய்வுத் துறைக்கு வெளியே பொருளியல் வேலை கிடைப்பது கடினம். ஓரளவு சரளமாகப் பேசும் பி2 நிலை வரை மொழி படிக்கும் எண்ணமில்லை என்றால் இந்த 24 லட்சத்தை யோசித்துச் செலவிடுங்கள்.

பாரிஸ், பார்சிலோனா, வெனிஸ் உள்ளிட்ட நகரங்களின் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் கியூ.இ.எம். என்ற எராஸ்மஸ் முண்டஸ் (ஐரோப்பிய ஒன்றிய உதவித்தொகைத் திட்டம்) படிப்பையும் முயன்று பார்க்கலாம். உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ. போட்டி உலகளாவியது. கிடைக்கவில்லை என்றால் இழப்பு விண்ணப்ப உழைப்பு மட்டும்தான்.

கடன் கணக்கு

வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை பிணை இல்லை, 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் உத்தரவாதம், அதற்கு மேல் சொத்துப் பிணை என்பது வழக்கமான அமைப்பு. தரவரிசையில் மேலே உள்ள இந்திய நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு 2024 நவம்பரில் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் பிணையில்லாமல் கடன் தருகிறது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. ஜெர்மனிக்காக 25 லட்சத்தை 10.5 சதவீதத்தில் பத்தாண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 33,700 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. திரும்பி வந்து நெட் எழுதி உதவிப் பேராசிரியராகும் திட்டமென்றால், தனியார் கல்லூரிச் சம்பளத்தில் இந்தத் தவணையே பெரும் பங்கைத் தின்றுவிடும். ஐ.எஸ்.ஐ. கிடைத்தவர் ஜெர்மனிக்குக் கடன் வாங்கிப் போவதை நியாயப்படுத்துவது கடினம். உள்ளூர்க் கல்லூரி மட்டுமே கிடைத்து, கணிதமும் நன்றாக இருப்பவர் பானுக்குப் போவதில் நியாயம் இருக்கிறது.

சேர்ந்த பிறகு

டெல்லியிலும் ஐ.எஸ்.ஐ.யிலும் தடுக்கி விழுவது முதல் செமஸ்டரில்தான். வகுப்புக் குறிப்பை மனப்பாடம் செய்து, தேர்வுக்கு முந்தைய வாரம் உட்காரும் நம் பழக்கம் அங்கே அரியரில் கொண்டுபோய் விடும். வாரா வாரம் வரும் கணக்குத் தாளை நண்பரிடம் பார்க்காமல் தானே போட்டுப் பார்ப்பதுதான் படிப்பு. உள்ளூரில் படிப்பவருக்கு எதிர்மாறான ஆபத்து: யாரும் நெருக்க மாட்டார்கள். ஆய்வேட்டை ஐம்பது பேரிடம் கேட்ட வினாப்பட்டியலும் சதவீத அட்டவணையுமாக முடித்துவிட முடியும். அதற்குப் பதில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் இலவசமாகத் தரும் பி.எல்.எஃப்.எஸ். வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பின் தனிநபர்த் தரவை இறக்கி, ‘ஆர்’ மென்பொருளில் தமிழ்நாட்டை மட்டும் பிரித்து ஆராயுங்கள். புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: ஒவ்வொரு வரிக்கும் உரிய மல்டிபிளையர் எடையை (அந்த ஒருவர் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்ற எண்) போடாமல் சராசரி எடுப்பது. எடையோடு கணக்கிட்ட எண், அரசு அறிக்கையில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் சரிபார்த்துவிட்டு மேலே போகலாம்.

உள்ளூர்ச் சேர்க்கை முன்னதாக முடிந்துவிடும். டெல்லிப் பட்டியல்கள் பல சுற்றுகளாகப் பின்னால் வரும். உள்ளூர் இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டே காத்திருக்கலாம். ஆனால் அசல் சான்றிதழ்களைக் கல்லூரியிடம் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும் என்பது யு.ஜி.சி. விதி. டி.சி.யை மட்டும் கல்லூரி வாங்கிக்கொள்ளும்; அதனால் இடம் மாறும்போது புதிய டி.சி. எழுதி வாங்கச் சில நாள் பிடிக்கும். டெல்லியில் சான்றிதழ் காட்டுவதற்கான கெடு வருவதற்கு முன்பே அந்த விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.